சோட்டோ போனது போகட்டும், முதல் பேஸை யார் காப்பது?

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி: குளிர்காலக் கேள்வி-பதில், ஜனவரி 2025

டிசம்பரிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், யாங்கீஸை விட்டு மெட்ஸ் அணிக்குப் போன ஹுவான் சோட்டோவைப் பற்றித்தான். எல்லாரும் கேட்பது ஒன்றையே என்பதால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிப்ரவரி நடுவில் பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) பயிற்சி முகாமுக்கு டாம்பாவில் கூடிவிடுவார்கள். அதற்குள் முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது, கேள்விகளுக்கு வருவோம்.

கே: 760 மில்லியன் டாலர் கொடுக்கத் துணிந்த யாங்கீஸ், இன்னொரு 5 மில்லியனைப் போட்டு சோட்டோவை நிறுத்தியிருக்கக் கூடாதா? (எடிசன், நியூஜெர்சி)

ப: வித்தியாசம் 5 மில்லியன் இல்லை. மெட்ஸ் கொடுத்தது 15 ஆண்டுக்கு 765. யாங்கீஸ் சொன்னதாக வந்த செய்தி 16 ஆண்டுக்கு 760. வகுத்துப் பாருங்கள்: அங்கே ஆண்டுக்கு 51, இங்கே 47 அரை. போதாததற்கு, ஐந்தாம் ஆண்டு முடிவில் சோட்டோ ஒப்பந்தத்தை விட்டு விலகலாம். அதைத் தடுக்க மெட்ஸ் நினைத்தால், மிச்சமுள்ள பத்து ஆண்டுக்கும் ஆண்டுக்கு 4 மில்லியன் கூட்ட வேண்டும். அப்போது மொத்தம் 805. எத்தனையோ முறை சொல்லிவிட்டேன்: தலைப்பில் வரும் மொத்தத் தொகையைப் படிக்காதீர்கள். எத்தனை ஆண்டு, ஆண்டுக்கு எவ்வளவு, இந்த இரண்டைப் படியுங்கள்.

கே: ஐபிஎல் ஏலத்தில் ஆர்.டி.எம். இருப்பது போல அமெரிக்காவில் எதுவும் கிடையாதா? நம் ஆளை நாமே திரும்பப் பிடிக்க வழியில்லையா? (கோயம்புத்தூர்)

ப: இல்லை. ஆறு ஆண்டு சர்வீஸ் முடித்து ஒப்பந்தமும் முடிந்தால் ஆட்டக்காரர் சுதந்திரப் பறவை, அதாவது ஃப்ரீ ஏஜென்ட். குவாலிஃபையிங் ஆஃபர் என்று ஒன்று உண்டு, பழைய அணி நீட்டும் ஓராண்டு ஒப்பந்தம், இந்த முறை சுமார் 21 மில்லியன். அதை அவர் மறுத்துவிட்டு வேறு அணிக்குப் போனால் நமக்கு டிராஃப்டில், அதாவது புது இளம் வீரர்களை எடுக்கும் சுற்றுகளில், ஒரு தேர்வு கிடைக்கும். லக்சுரி டாக்ஸ் (சம்பளப் பட்டியல் வரம்பைத் தாண்டினால் வரும் வரி) கட்டும் அணி என்பதால் யாங்கீஸுக்கு அதுவும் நான்காம் சுற்றுக்குப் பிறகுதான். 41 ஹோம் ரன் அடித்தவருக்கு ஈடாக அவ்வளவுதான்.

கே: பிட்சர் மேக்ஸ் ஃப்ரீடுக்கு எட்டு ஆண்டு கொடுத்தது பைத்தியக்காரத்தனம் இல்லையா? (ஜெர்சி சிட்டி)

ப: கடைசி இரண்டு ஆண்டு வலிக்கும், அதை மறுக்கவில்லை. ஒப்பந்தம் முடியும்போது அவருக்கு வயது 38. ஆனால் 218 மில்லியனை எட்டு ஆண்டில் பரப்பியதால் வரிக் கணக்கில் ஏறுவது ஆண்டுக்கு 27 சொச்சம்தான். ஆறே ஆண்டில் அதே பணத்தைக் கொடுத்திருந்தால் 36-ஐத் தாண்டியிருக்கும். அதற்காகத்தான் அந்த நீளம். உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது: குவாலிஃபையிங் ஆஃபரை மறுத்து வந்தவர் என்பதால் இரண்டாவது, ஐந்தாவது டிராஃப்ட் தேர்வுகள் போய்விட்டன. சர்வதேச ஒப்பந்தப் பணத்திலும் ஒரு மில்லியன் வெட்டு. இன்னொன்றை யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 2020 முதல் 2022 வரை மூன்று ஆண்டும் பிட்சருக்கான கோல்ட் க்ளவ், அதாவது சிறந்த ஃபீல்டர் விருது, வாங்கியவர் இவர். ஏன் அது முக்கியம் என்பது கீழே.

கே: பிட்சர் ஸ்ட்ரோமனையும் இன்ஃபீல்டர் பெராசாவையும் கொடுத்துவிட்டு கார்டினல்ஸிடம் அரெனாடோவையும், சம்பளத்துக்குக் கொஞ்சம் பணத்தையும் வாங்கினால் தேர்ட் பேஸ் பிரச்சினை தீர்ந்தது. சரிதானே? (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

ப: சரியில்லை. இப்படி ஒரு ட்ரேடை எழுதுவதற்கு முன் எதிர் அணியின் நாற்காலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள் என்று மாதாமாதம் கெஞ்சுகிறேன். ஸ்ட்ரோமன் நம் ரொட்டேஷனிலேயே (ஆட்டத்தைத் தொடங்கும் பிட்சர்களின் வரிசை) ஆறாவது ஆள், சம்பளம் 18 அரை மில்லியன். செலவைக் குறைக்கத்தான் கார்டினல்ஸ் அரெனாடோவை விற்கப் பார்க்கிறது. அந்த அணி எதற்காக உங்கள் சுமையையும் வாங்கிக்கொண்டு மேலே பணமும் தரும்? அதோடு, தன் சம்மதமில்லாமல் வேறு அணிக்கு மாற்ற முடியாத முழு நோ-ட்ரேட் உரிமை அரெனாடோவிடம் இருக்கிறது. டிசம்பரில் ஹூஸ்டனுக்கு ஏறக்குறைய முடிந்த ட்ரேடையே அவர் தடுத்துவிட்டார். இதையெல்லாம் பார்க்காமல் கடிதம் எழுதினால் என்ன பதில் சொல்வது?

தேர்ட் பேஸ் காலியாக இருப்பது உண்மைதான். ஜாஸ் சிஸம் அங்கேயா செகண்ட் பேஸிலா என்பதே முடிவாகவில்லை. ஃப்ரீ ஏஜென்டாக நிற்கும் ப்ரெக்மன் நல்ல ஆள், ஆனால் சம்பளப் பட்டியல் 300 மில்லியன் விளிம்பில் நிற்கிறது. 301-ஐத் தாண்டினால் யாங்கீஸுக்கு ஒவ்வொரு டாலருக்கும் 1.10 டாலர் வரி. 28 மில்லியன் ஆட்டக்காரர் என்று நீங்கள் நினைப்பவர், உரிமையாளருக்குக் கிட்டத்தட்ட 59 மில்லியன்.

கே: சோட்டோ போனபின் பேட்டிங்கில் ஓட்டை விழுந்துவிட்டது. 37 வயது கோல்ட்ஷ்மிட்டை 12 அரை மில்லியனுக்கு எடுத்ததற்குப் பதில், 34 ஹோம் ரன் அடித்த பீட் அலோன்சோவை எடுத்திருக்கலாமே? (ஸ்கார்பரோ, டொராண்டோ)

ப: இந்தக் கேள்விக்கு இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

2024 உலகத் தொடரை யாங்கீஸ் டாட்ஜர்ஸிடம் ஹோம் ரன் போதாமல் தோற்றதாக நினைக்கிறீர்கள். அக்டோபர் 30 அன்று ஐந்தாவது ஆட்டத்தில் 5-0 முன்னிலை. நான்கு இன்னிங்ஸ் வரை நம் பிட்சர் கெரிட் கோல் ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் ஆரோன் ஜட்ஜ் நேரே கைக்கு வந்த பந்தை விட்டார். வோல்பி தேர்ட் பேஸுக்கு எறிந்தது தரையில் குத்தி எழும்பியது. பேஸ் மூன்றும் நிரம்பின. அந்த நெருக்கடியிலும் கோல் அடுத்தடுத்து இருவரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதில் ஒருவர் ஓட்டானி. பிறகு மூக்கி பெட்ஸ் மெதுவாகத் தட்டிய பந்து ஃபர்ஸ்ட் பேஸில் நின்ற ரிஸ்ஸோ பக்கம் சுழன்றுகொண்டே வந்தது. சுழற்சி அதிகம், அதனால் ரிஸ்ஸோ பேஸை விட்டு விலகி, பந்துக்காகக் காத்துப் பிடித்தார். அவர் விட்ட ஃபர்ஸ்ட் பேஸைக் காக்க ஓடியிருக்க வேண்டிய கோல் இரண்டடி எடுத்துவைத்து நின்று கையைக் காட்டினார். பேஸில் ஆளே இல்லை. பெட்ஸ் ஓடிக் கடந்தார். இன்னிங்ஸ் முடிந்திருக்க வேண்டும், முடியவில்லை. ஐந்து ரன் வந்தது. ஐந்துமே பிட்சர் கணக்கில் ஏறாத ரன்கள். ஆட்டம் 7-6, கோப்பை டாட்ஜர்ஸுக்கு.

ஒரு பிப்ரவரியில் டாம்பாவின் பின்பக்க மைதானத்தில் வேலிக்கு வெளியே நின்று இந்தப் பயிற்சியைப் பார்த்திருக்கிறேன். பிட்சர் எறிவதுபோல் பாவனை செய்வார், பயிற்சியாளர் ஃபர்ஸ்ட் பேஸ் பக்கம் ஒரு பந்தைத் தட்டுவார். பந்து இடது கைப்பக்கம் போன அந்தக் கணமே பிட்சர் ஓட வேண்டும், யோசிக்கக் கூடாது. நேரே பேஸை நோக்கி இல்லை. கோட்டுக்குக் கொஞ்சம் முன்னால் போய், அங்கிருந்து கோட்டை ஒட்டியே பேஸுக்கு ஏற வேண்டும். இல்லாவிட்டால் ஓடி வருபவனோடு மோதிவிடுவார். ஒரு பிட்சர் இதை ஒரு காலையில் பத்துப் பதினைந்து தடவை செய்கிறார். பார்ப்பதற்குச் சலிப்பான பயிற்சி. உலகத் தொடர் அதில் போனது. ஃப்ரீடின் மூன்று கோல்ட் க்ளவ் முக்கியம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

அதனால்தான் ஹோம் ரன் எண்ணிக்கையை மட்டும் எழுதி அனுப்பும் கடிதங்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. கோல்ட்ஷ்மிட்டின் பேட் தேய்ந்துவிட்டது, போன ஆண்டு பேட்டிங் சராசரி .245, 22 ஹோம் ரன். ஆனால் நான்கு கோல்ட் க்ளவ் வாங்கிய கை அது. இன்ஃபீல்டில் இளம் வீரர்கள் அவசரத்தில் கோணலாக எறிவதைக் குனிந்து அள்ளத் தெரிந்தவர். ஓராண்டு ஒப்பந்தம், டிராஃப்ட் தேர்வு எதுவும் போகவில்லை. அலோன்சோவை எடுத்தால் தேர்வும் போகும், ஆண்டுகளும் கட்டும். உண்மையைச் சொன்னால் ஹூஸ்டன் மூன்று ஆண்டுக்கு 60 மில்லியனில் தட்டிக்கொண்டு போன கிறிஸ்டியன் வாக்கரைப் பிடித்திருந்தால் எனக்கு இன்னும் திருப்தி. மூன்று ஆண்டாகத் தொடர்ந்து கோல்ட் க்ளவ் வாங்குபவர், பேட்டும் இன்னும் தேயவில்லை. பெலிஞ்சரை கப்ஸிடமிருந்து, கோடி போட்டீட் என்ற ஒரு பிட்சரை மட்டும் கொடுத்து வாங்கியதையும் இதே கணக்கில்தான் பாராட்டுகிறேன். அவர் சென்டர் ஃபீல்டுக்குப் போனால் ஜட்ஜ் தன் சொந்த இடமான ரைட் ஃபீல்டுக்குத் திரும்பலாம். ஃபர்ஸ்ட் பேஸும் அவருக்குத் தெரியும். சோட்டோவின் பேட்டுக்கு ஒரே ஆள் ஈடாக முடியாது. மூன்று இடங்களில் ஃபீல்டிங்கைச் சரிசெய்து மிச்சப்படுத்தும் ரன்னும் ரன்தான்.

கே: ஜப்பான் பிட்சர் ரோக்கி சசாகிக்கு 300 மில்லியன் நீட்டினால் டாட்ஜர்ஸை முந்தலாமே? (சென்னை)

ப: நீட்டவே முடியாது. அவருக்கு வயது 23. ஜப்பானிலிருந்து 25 வயதுக்கு முன் வருபவர் சர்வதேச அமெச்சூர் கணக்கில்தான் சேர்வார். எந்த அணிக்கும் கையில் இருப்பது சுமார் 5 முதல் 7 அரை மில்லியன், சம்பளம் மைனர் லீக் ஒப்பந்தம். யமமோட்டோ 325 வாங்கினாரே என்று எழுதியிருக்கிறீர்கள். வரும்போது அவருக்கு 25 வயது ஆகியிருந்தது. இது பணத்தால் முடியும் போட்டியே இல்லை, எங்கே போக வேண்டும் என்பதை அந்தப் பையன் முடிவு செய்வான்.

கே: கோல் நவம்பரில் ஒப்பந்தத்தை விட்டு விலகினார், இரண்டே நாளில் அதே பணத்துக்குத் திரும்பிவிட்டார். என்ன நடந்தது? (எடிசன்)

ப: விலகினால் யாங்கீஸ் ஓராண்டு, 36 மில்லியன் கூடுதலாகக் கொடுத்துத் தடுக்கும் என்று நினைத்தார். யாங்கீஸ் கொடுக்கவில்லை. மிச்சமிருந்த நான்கு ஆண்டு, 144 மில்லியனோடு திரும்பினார். பொது மேலாளர் கேஷ்மன் செய்தது சரி.

கே: கடைசி இன்னிங்ஸ் பிட்சர் டெவின் வில்லியம்ஸ் ஓராண்டில் போய்விடுவார். அவருக்காக பிட்சர் நெஸ்டர் கோர்டெஸைக் கொடுத்தது நஷ்டம்தானே? (டாலஸ்)

ப: கோர்டெஸும் ஓராண்டில் போகிறவர்தான், அதைப் பார்த்துவிட்டு எழுதியிருக்கலாம். உண்மையில் நாம் கொடுத்த விலை கேலப் டர்பின், ஆறு ஆண்டு மலிவாக வைத்துக்கொள்ளக்கூடிய இன்ஃபீல்டர். க்ளே ஹோம்ஸ் மெட்ஸுக்குப் போனபின் ஒன்பதாவது இன்னிங்ஸுக்கு ஆள் இல்லை. வில்லியம்ஸின் சேஞ்சப்பை (வேகம் குறைத்து ஏமாற்றும் பந்து) அடிப்பவர்கள் குறைவு. எடுத்தது தப்பில்லை.

கே: 40 பேர் பட்டியலின் கடைசி இரண்டு, மூன்று பெயர்களைப் பற்றி ஏன் இவ்வளவு எழுதுகிறீர்கள்? (ஜெர்சி சிட்டி)

ப: காரெட் விட்லாக். 2017-இல் யாங்கீஸ் டிராஃப்ட் செய்த பையன். முழங்கை அறுவை சிகிச்சை முடிந்திருந்தது, 2020 நவம்பரில் பட்டியலில் சேர்க்காமல் விட்டார்கள். அப்படி விடப்பட்டவர்களை மற்ற அணிகள் எடுக்கும் ரூல் 5 டிராஃப்டில், டிசம்பரில் ஒரு லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டது பாஸ்டன், வேறு யாருமில்லை. அடுத்த சீசனில் 73 இன்னிங்ஸ், ஒன்பது இன்னிங்ஸுக்கு விட்ட ரன் சராசரி 1.96. அந்த ஆண்டு ஒயில்டு கார்டு ஆட்டத்தில் நம்மை வெளியேற்றியதும் பாஸ்டன்தான். பட்டியலில் ஓர் இடம் காலியாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

கே: இன்ஃபீல்டர் டி.ஜே. லெமேஹியூவை விடுவித்துவிட்டால் என்ன? (ஃபிலடெல்ஃபியா)

ப: 2026 வரை ஆண்டுக்கு 15 மில்லியன், விடுவித்தாலும் வரிக் கணக்கில் அப்படியே நிற்கும். மிஞ்சுவது ஓர் இடம் மட்டும். மார்ச் வரை டாம்பாவில் தேர்ட் பேஸில் நிறுத்திப் பார்க்கட்டும். பக்கவாட்டில் ஓரடி நகர்ந்து பந்தை அள்ள முடியவில்லை என்றால் அந்த இடத்தை காப்ரேராவுக்குக் கொடுக்கலாம்.