டிஎன்ஏவைத் தன்மேல் சுற்றி வைக்கும் புரதமான ஹிஸ்டோன், ஆர்க்கியாக்களிலும் (பாக்டீரியா போலக் கரு இல்லாத ஒற்றைச் செல் உயிரிகள்) உண்டா?

உண்டு, ஆனால் எல்லா ஆர்க்கியாவிலும் இல்லை. நன்கு ஆராயப்பட்டது, ஐஸ்லாந்து வெந்நீர் ஊற்றில் கிடைத்த மெத்தனோதெர்மஸ் ஃபெர்விடஸ் என்ற ஆர்க்கியாவின் எச்எம்எஃப்பி என்னும் ஹிஸ்டோன். சுமார் 70 அமினோ அமிலங்கள், மூன்று ஆல்ஃபா சுருள்கள், அவ்வளவுதான். நம் ஹிஸ்டோன்களில் நீட்டிக்கொண்டிருக்கும் வால் இதற்குக் கிடையாது. இரண்டிரண்டாகச் சேர்ந்தே டிஎன்ஏவைப் பற்றும்.

நம் செல்களில் எட்டு ஹிஸ்டோன்கள் மேல் டிஎன்ஏவின் சுமார் 147 கார இணைகள் (டிஎன்ஏ ஏணியின் படிகள்) சுற்றிக்கொண்டதும் ஒரு நியூக்ளியோசோம், அதாவது ஒரு சுற்றுப்பொதி, முடிந்துவிடும். எச்எம்எஃப்பிக்கு அந்த எல்லை இல்லை. ஜோடிக்கு அடுத்து ஜோடி சேரச் சேர, டிஎன்ஏ அதன்மேல் சுருள்வில் போலச் சுற்றிக்கொண்டே போகும். 2017-இல் வெளியான படிக அமைப்பு இதைத் தெளிவாகக் காட்டியது. மிக அழகான கண்டுபிடிப்பு என்பேன்.

சல்ஃபோலோபஸ் என்ற வேறோர் ஆர்க்கியாவில் ஹிஸ்டோனே இல்லை. அங்கே வேலை செய்வது எஸ்எஸ்ஓ7டி போன்ற, 7 கிலோடால்டன் எடையேயான சிறு புரதங்கள். டிஎன்ஏவின் சிறு பள்ளத்தில் அமர்ந்து, வாலின், மெத்தியோனின் என்ற நீர்வெறுக்கும் அமினோ அமிலங்களை உள்ளே செருகி, இழையை ஏறக்குறைய 60 பாகை வளைத்துவிடும். 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் இரு இழைகளும் பிரியாமல் இருக்க இதுவும் உதவுகிறது. இதே புரதத்தை, டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸோடு இணைத்து, இன்று பிசிஆரில் (டிஎன்ஏவைப் பல மடங்கு நகலெடுக்கும் ஆய்வக முறை) நீண்ட துண்டுகளையும் விரைவாகப் பெருக்குகிறார்கள்.