யாழை இன்று யாராவது வாசிக்கிறார்களா? இன்றைய பாட்டுக்கு அது ஒத்துவருமா?

வாசிக்கிறார்கள். சென்னையில் 'உரு' என்ற பெயரில் இசைக்கருவிகள் செய்யும் தருண் சேகர் யாழை மறுபடி உருவாக்கி, 2021-இல் அதைக் கொண்டு 'அழகி' என்ற பாடலையும் வெளியிட்டார்.

பார்த்துச் செய்ய அவருக்குப் பழைய யாழ் ஒன்றுகூடக் கிடையாது. மரமும் தோலும் நரம்பும் எத்தனை நூற்றாண்டு தாங்கும்? மிஞ்சியவை சிற்பங்களும் பாட்டுகளும்தான். நல்லவேளை, பொருநராற்றுப்படை என்ற சங்க நூலைப் பாடிய முடத்தாமக்கண்ணியார் யாழை அங்கம் அங்கமாகப் பார்த்து வைத்திருக்கிறார். பத்தல், அதாவது ஒலியைப் பெருக்கும் அடிப்பெட்டி, மானின் குளம்படி போல இருபுறம் தாழ்ந்து நடுவே உயர்ந்தது. போர்த்திய தோல் விளக்குச் சுடரின் நிறம். துளைகளை அடைத்த ஆணிகள் நண்டின் கண். தண்டு, தலைதூக்கிய பாம்பு. அதில் இறுகக் கட்டிய திவவு, அதாவது நரம்புகளைத் தண்டோடு பிணைக்கும் கட்டு, கரிய பெண்ணின் முன்கை வளையல். இந்தத் திவவை நேரில் பார்க்க ஆசையிருந்தால் மியான்மரின் வில்யாழ் படங்களைப் பாருங்கள். வளைந்த தண்டில் சிவப்புக் கயிறுகளை வரிசையாகக் கட்டியிருப்பார்கள். இத்தகைய பழைய யாழ்களை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் பல ஆண்டுகள் உழைத்து எழுதிய யாழ் நூல் 1947-இல் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் மறைந்தார்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஒத்துவரும், ஆனால் எல்லாப் பாட்டுக்கும் அல்ல. நான் வீணை கற்றவன். நண்பர் வைத்திருந்த யாழை மடியில் வாங்கியதும் இடக்கை மெட்டை, அதாவது வீணைத் தண்டில் சுரங்களுக்கென வரிசையாகப் பதித்த குறுக்குக் கம்பிகளை, தேடியது. அங்கே மெட்டே இல்லை. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். தண்டின் அருகே நரம்பை அழுத்திச் சுருதியைச் சற்று ஏற்றலாம், அவ்வளவுதான். தோடி ராகத்தின் 'க' சுரமான காந்தாரத்தை அதில் அசைத்துக் காட்டச் சொன்னால் பாவம், கருவி என்ன செய்யும்! சம்பந்தர் தருமபுரத்தில் 'மாதர் மடப்பிடி' பதிகம் பாட, அதை யாழில் அடக்க முடியாமல் திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழையே உடைக்க ஓங்கினார் என்கிறது பெரியபுராணம். வீணை முன்னுக்கு வந்ததில் இந்தக் குறைக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அதனால் யாழைக் கச்சேரி மேடையில் ஏற்றி ஆலாபனை கேட்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒவ்வொரு நரம்பும் தனித்தனியாக ஒலித்து மெல்லக் கரையும் பாட்டுகளில்தான் அதன் அழகு. குரலுக்குப் பக்கத்தில் கிதார் இருக்கும் இடத்தில் யாழை வைத்துப் பாருங்கள், கச்சிதமாகப் பொருந்தும். பழங்காலத்துப் பாணர்களும் அதை மீட்டிக்கொண்டு பாடியவர்கள்தானே.

செய்யச் சொல்லி வாங்க நினைத்தால், தோல் போர்த்ததா, மரப்பலகை வைத்ததா என்று முதலில் கேளுங்கள். தோல் என்றால் மழைக்காலத்தில் தளர்ந்து சுருதி இறங்கும். வாசிக்கும் நேரத்தைவிடச் சுருதி சேர்க்கும் நேரம் கூடிப்போகும்.