காட்டு மானுக்கு 16 பவர் எதற்கு?

ரொறன்ரோவிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணா, இந்த வருடம்தான் வேட்டை உரிமம் எடுத்தேன். கையில் இருப்பது டிக்கா டி3எக்ஸ் லைட் துவக்கு, .308 தோட்டா. கடையில் சொன்னதைக் கேட்டு 4-16×44 ஸ்கோப் பூட்டினேன். நவம்பரில் பான்கிராஃப்ட் பக்கம் நண்பர்களோடு வெள்ளைவால் மானுக்குப் போகிறேன். பிறகு வடக்கே மூஸ் என்ற பெரிய மானுக்கும் போக எண்ணம் உண்டு. துவக்கு தலைகனத்துப்போய் இருக்கிறது. பாரமும் பவரும் குறைந்த ஸ்கோப்புக்கு மாறலாமா? எதை வாங்குவது? பழையதை விற்றுவிடலாமா?”

மாறுங்கள். நவம்பருக்கு முன்பே மாறுங்கள். பாரத்தை நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. (புதியவர்களுக்கு: 4-16×44 என்றால் 4 முதல் 16 மடங்கு வரை பெரிதாக்கும், முன்கண்ணாடியின் விட்டம் 44 மில்லிமீட்டர். அந்த மடங்கைத்தான் பவர் என்கிறோம்.)

பான்கிராஃப்ட், ஹாலிபர்ட்டன் பக்கத்துக் காட்டை ஒருமுறை நடந்து பார்த்தால் புரியும். மேட்டில் மேப்பிளும் பீச்சும். பள்ளத்தில் ஹெம்லொக்கும் சீடர் சதுப்பும். இலை உதிர்ந்த பிறகும் பல இடங்களில் 60, 70 மீட்டருக்கு அப்பால் கண் போகாது. அங்கே மான் தூரத்தில் நின்று காத்திருப்பதில்லை. நாய் விரட்டி வரும், அல்லது ஆள் நடமாட்டத்தில் கிளம்பி வரும். மரங்களுக்கு இடையே தெரிந்து மறையும். உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று விநாடிதான். அந்த நேரத்தில் துவக்கைத் தூக்கி, கன்னத்தில் வைத்து, கண்ணாடிக்குள் மானைக் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்கோப்பின் முதல் வேலை பெரிதாக்கிக் காட்டுவதல்ல, அந்தக் கண்டுபிடிப்பை விரைவாக்குவது.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 4-16 ஸ்கோப் ஒன்றை 16-இல் வைத்தால் 100 மீட்டரில் தெரியும் வட்டம் ஏறக்குறைய இரண்டேகால் மீட்டர். அதே வட்டம் 25 மீட்டரில் வெறும் அரை மீட்டர்தான். வெள்ளைவால் மானின் உடம்பு அதைவிட நீளம். 4-க்குக் குறைத்தாலும் 25 மீட்டரில் சுமார் இரண்டேகால் மீட்டர்தான் தெரியும். 2.5 பவர் ஸ்கோப்பில் அது மூன்றேகால் மீட்டராகிறது. 1.5-இல் ஆறு மீட்டர்: மானும் தெரியும், அது எந்த மர இடைவெளியை நோக்கிப் போகிறது என்பதும் தெரியும்.

எனக்கு இந்தப் பாடம் முதல் வருடமே கிடைத்தது. 3-9 ஸ்கோப். முந்தின மாலை கூடாரத்து வாசலில் நின்று எதிர்மேட்டைப் பார்ப்பதற்காக 9-க்குத் திருப்பினேன், திருப்பியதை மறந்தேன். மறுநாள் காலை சீடர் மரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கொம்பன் 25 மீட்டரில் வந்து நின்றான். துவக்கைத் தூக்கினேன். கண்ணாடி முழுக்கப் பழுப்பு மயிர். தோளா, இடுப்பா, வயிறா ஒன்றும் தெரியவில்லை. ஒவ்வொரு மயிரின் நுனியிலும் வெள்ளை இருந்தது மட்டும் இன்றைக்கும் நினைவிருக்கிறது. எங்கே படும் என்று தெரியாமல் வெடிவைக்க மனம் வரவில்லை. பவரைக் குறைக்க விரல் போவதற்குள் அவன் இல்லை. காயப்பட்டு ஓடவில்லை என்பதே ஆறுதல். அன்று முதல் நடக்கும்போது என் ஸ்கோப் எப்போதும் ஆகக் குறைந்த பவரில்தான் இருக்கும். தூரத்தில் மான் நின்றால் பவரைக் கூட்ட நேரம் இருக்கும். பக்கத்தில் நின்றால் குறைக்க நேரம் இருக்காது.

சரி, பாரத்துக்கு வருவோம். உங்கள் டிக்கா மூன்று கிலோவுக்கும் குறைவு. அதன் மேல் 650 கிராம் ஸ்கோப், இரும்பு வளையங்களும் ரெயிலும் சேர்த்து இன்னொரு 200 கிராம். இந்தப் பாரம் முழுவதும் துவக்கின் உச்சியில் உட்காருகிறது. அதனால்தான் தோளில் மாட்டினால் வார் நழுவுகிறது, கையில் பிடித்தால் பக்கவாட்டில் சாய்கிறது. துவக்கின் எடையைக் குறைக்கக் காசு கொடுத்துவிட்டு, அந்த எடையை மேலே திரும்ப ஏற்றியிருக்கிறீர்கள்.

இப்போது எதை வாங்குவது? முன்பக்கம் மணிபோல் விரியாமல் நேர்க்குழாயாக இருக்கும் 20 மில்லிமீட்டர் ஸ்கோப்புகளைப் பாருங்கள். லியூபோல்ட் வி.எக்ஸ். ஃப்ரீடம் 1.5-4×20 சுமார் 270 கிராம். அதே நிறுவனத்தின் 2.5×20 அல்ட்ராலைட், பவர் மாறாத ஸ்கோப், 185 கிராம்தான். பழைய சரக்காகக் கிடைத்தால் விடாதீர்கள். பவர் மாற்றும் வளையமே இல்லாததால் மறந்துபோகவும் ஒன்றுமில்லை. 2.5 போதுமா என்று சந்தேகம் வரும். 1930-களின் கடைசியில் வந்த லைமன் அலாஸ்கனும் 2.5 பவர்தான். அதை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் மானும் மூஸும் அடித்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. ‘எல்.பி.வி.ஓ.’ (குறைந்த பவரில் தொடங்கி பவர் மாறும் ஸ்கோப்) என்ற பெயரில் 1-6, 1-8 ஸ்கோப்புகள் இப்போது கடை நிறைய இருக்கின்றன. பவர் குறைவு என்றால் பாரமும் குறைவு என்று நம்பி வாங்கிவிடாதீர்கள். பல 500 கிராமுக்கு மேல். வோர்டெக்ஸ் ரேஸர் எச்.டி. இரண்டாம் தலைமுறை 1-6×24 முதலில் வந்தபோது 700 கிராமைத் தாண்டியது. அருமையான கண்ணாடிதான், ஆனால் அது வேறு வேலைக்குச் செய்தது. அவற்றில் சிலவற்றில் குறுக்குக்கோடு பவரோடு சேர்ந்து பெருத்துச் சிறுக்கும். பவரைக் குறைத்தால் கோடு தலைமயிர் அளவுக்கு மெலிந்துவிடும், சீடர் நிழலில் அது தெரியவே தெரியாது. உங்களுக்கு வேண்டியது எந்தப் பவரிலும் ஒரே தடிப்பில் நிற்கும் கோடு. ஓரத்தில் தடித்து நடுவில் மெலிந்த ‘டூப்ளெக்ஸ்’, அல்லது மூன்று தடித்த கட்டைகள் உள்ள ஜெர்மன் 4-ஆம் எண். நடுவில் சிவப்புப் புள்ளி எரியும் வகையும் நல்லதுதான். ஆனால் வெளிச்சத்தை மிகக் கீழே இறக்க முடிகிறதா என்று பாருங்கள். அந்தி நேரத்தில் புள்ளி பளீரென்று எரிந்தால் பின்னால் நிற்கும் மான் மறைந்துவிடும்.

“20 மில்லிமீட்டர் கண்ணாடியில் மாலையில் இருட்டாகத் தெரியாதா?” என்பார்கள். நியாயமான கேள்வி. ஒன்ராறியோவில் சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரை சட்டப்படி வேட்டையாடலாம், மான் அசைவதும் அந்த அரை மணியில்தான் அதிகம். முன்கண்ணாடியின் விட்டத்தைப் பவரால் வகுத்தால் கண்ணுக்குள் வரும் ஒளிக்கற்றையின் விட்டம் கிடைக்கும். 20-ஐ 4-ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர். இளம் கண்ணின் பாவை இருட்டில் ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் விரியும், ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 பக்கம்தான். ஆகவே எனக்கு 4-லேயே போதும். நீங்கள் 3-க்குக் குறைத்தால் 6.7 வந்துவிடும். அதற்கு மேல் கொடுத்தாலும் கண் வாங்காது. உங்கள் 44 மில்லிமீட்டர் கண்ணாடி 16-இல் தருவது 2.75-தான். மாலையில் இருட்டடிப்பது அதுதான்.

கடையில் குழல்விளக்கின் கீழே பார்த்து எந்த ஸ்கோப்பையும் எடைபோடாதீர்கள். அங்கே எல்லாமே பளிச்சென்று இருக்கும். பொழுது சாயும் நேரத்தில் போய், ஸ்கோப்பை மட்டும் கழற்றிக் கையில் வாங்கி, கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்கு எடுத்துப் போங்கள். நிறுத்தியிருக்கும் லாரியின் அடியில் விழும் நிழலைப் பாருங்கள். அந்தக் கருமைக்குள் குறுக்குக்கோடு தெரிகிறதா? சக்கரத்துப் பின்னால் கிடக்கும் கல் தெரிகிறதா? இரண்டும் தெரிந்தால் வாங்கலாம்.

மூஸுக்கு 4 பவர் காணுமா என்று யோசிப்பீர்கள். 200 மீட்டரில் நிற்கும் மூஸ் 4 பவரில் 50 மீட்டரில் நிற்பதுபோல் தெரியும். ஆள் உயரத் தோள் கொண்ட மிருகம் அது. தாராளமாகக் காணும். தவிர, மூஸ் டேக் (மூஸ் அடிப்பதற்கான அனுமதிச் சீட்டு) இப்போது புள்ளி முறையில் ஒதுக்கப்படுகிறது, சில வருடம் காத்திருக்க வேண்டியும் வரலாம். ஆகவே இந்த நவம்பர் மானுக்குப் பொருத்தமானதை வாங்குங்கள். மனம் கேட்கவில்லை என்றால் 2-7×33 எடுங்கள். அதுவும் 310, 320 கிராமில் கிடைக்கிறது. என் வாக்கு 1.5-4-க்குத்தான்.

பூட்டும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நேர்க்குழாய் ஸ்கோப் என்பதால் ஆகத் தாழ்ந்த அலுமினிய வளையம் போதும். கன்னம் கட்டையில் அழுந்தி உட்காரும். டிக்கா டி3எக்ஸின் மேற்பகுதி எல்லாத் தோட்டா அளவுக்கும் ஒரே நீளம், அதனால் குட்டை ஸ்கோப் வாங்குவதற்கு முன் வளையங்கள் வரப்போகும் இடைவெளியை அளந்து, ஸ்கோப்பின் குழாய் அதற்குக் காணுமா என்று பாருங்கள். வளையத்து ஆணிகளைக் கைப்பலத்தில் முறுக்காதீர்கள். முறுக்குவிசை காட்டும் திருப்புளி ஒன்று வாங்கி, செய்தவர்கள் சொல்லும் அளவுக்கு, பொதுவாக 15 முதல் 18 அங்குல-பவுண்டு, முறுக்குங்கள். அதிகம் முறுக்கினால் மெல்லிய குழாய் நசுங்கும்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடைவெளி வைக்கும்போது வேட்டைக்குப் போடும் தடித்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் வீட்டுச் சட்டையோடு பொருத்திவிட்டு, காட்டில் விளிம்பெல்லாம் கருவட்டமாகத் தெரிகிறது என்று சொல்பவர்கள் ஏராளம். ஜாக்கெட் துவக்கை ஓரிரு சென்டிமீட்டர் முன்னே தள்ளிவிடும். வெறும் துவக்கு என்று இருமுறை உறுதி செய்த பிறகு, கண்ணை மூடி, துவக்கைத் தோளுக்குக் கொண்டுவந்து, கன்னத்தை வைத்து, கண்ணைத் திறங்கள். தலையை அசைக்காமலே முழு வட்டமும் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் ஸ்கோப்பை நகர்த்துங்கள், கழுத்தை நீட்டாதீர்கள். அதே சமயம் குறைந்தது ஒன்பது சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். பாரம் குறைந்த .308 நன்றாகவே உதைக்கும். மேடு நோக்கி வெடிவைக்கும்போது தலை தானாக முன்னே போகும், புருவம் கிழிவது அப்போதுதான்.

குறி சேர்ப்பதற்கு முதலில் 25 மீட்டரில் தாளில் விழ வையுங்கள், அப்புறம் 100 மீட்டரில் முடியுங்கள். குறி திருத்தும் குமிழின் கால் எம்.ஓ.ஏ. (சிறு கோண அளவு) சொடுக்கு ஒவ்வொன்றும் 100 மீட்டரில் ஏழு மில்லிமீட்டர் நகர்த்தும். 100-இல் சேர்த்தால், .308-இல் 165 கிரெய்ன் எடையுள்ள தோட்டா 50 மீட்டரில் ஏறக்குறைய கோட்டிலேயே இருக்கும், 150-இல் நாலைந்து சென்டிமீட்டர் இறங்கும், 200-இல் ஒரு சாண் கூட இறங்காது. அந்தக் காட்டுக்கு இதற்கு மேல் எந்தக் கணக்கும் வேண்டாம்.

இதைக் கட்டாயம் கேளுங்கள், தம்பி. ஸ்கோப்பால் காட்டைத் துழாவாதீர்கள். ஸ்கோப் பார்க்கும் திசையில்தான் குழலும் பார்க்கிறது. புதருக்குள் அசைவது மான் என்று நினைத்து ஸ்கோப்பைத் திருப்பினால், அங்கே நிற்பது உங்கள் நண்பராக இருக்கலாம். துவக்கு வேட்டைக் காலத்தில் 400 சதுர அங்குல ஆரஞ்சும் ஆரஞ்சுத் தொப்பியும் சட்டப்படி போட்டிருப்பார்கள்தான், ஆனால் சீடர் கிளைக்குப் பின்னால் அது துணுக்குத் துணுக்காகத்தான் தெரியும். ஸ்கோப்பில் மிச்சம் பிடித்த எடையில் ஒரு 8×32 பைனாகுலரைக் கழுத்தில் மாட்டுங்கள். மான் என்று அதில் முடிவான பிறகே துவக்கு தோளுக்கு வரட்டும்.

குளிரில் இருந்து துவக்கைச் சூடான கேபினுக்குள் கொண்டுபோனால் கண்ணாடி வியர்க்கும். உள்ளே நைட்ரஜன் அடைத்த ஸ்கோப்பில்கூட வெளிப்பக்கம் பனிக்கும், மறுநாள் காலை அதுவே உறையும். பூட்டி வைக்கக்கூடிய குளிர்ந்த இடம் இருந்தால் அங்கேயே உறையில் வையுங்கள்.

பழைய 4-16-ஐ விற்க வேண்டாம். சிறு தோட்டா போடும் .22 துவக்கு ஒன்று வாங்கி அதில் பூட்டுங்கள். 50 மீட்டரில் குறி பழக அதைப்போல் வசதி இல்லை. ஆனால் பல பெரிய ஸ்கோப்புகளை 100 மீட்டருக்கு ஏற்றபடி அமைத்திருப்பார்கள், 50-இல் படம் கலங்கும். பக்கவாட்டில் தூரம் திருத்தும் குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கவலையே இல்லை.