டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது என்றால், அதில் எது போனது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அப்பா ஓட்டிய அம்பாசடர், 1986 மாடல், மார்க் 4, பெட்ரோல். போன மாதம் திருவண்ணாமலைக்குப் போகும்போது கண்ணமங்கலம் தாண்டியதும் மிஸ்ஸிங் அடித்தது, சைலன்சரில் வெடித்தது, கடைசியில் நின்றேவிட்டது. டிஸ்ட்ரிபியூட்டர் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். பழைய மாதிரியே ஒன்று தேடிப் போடலாமா, பாயிண்டே இல்லாத எலக்ட்ரானிக் மாதிரிக்கு மாறிவிடலாமா? மாதம் இரண்டு மூன்று முறைதான் வண்டியை எடுக்கிறோம். விற்கும் எண்ணம் இல்லை."

இரண்டுக்கும் இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி கரண்டைப் பங்கிட்டு அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் என்பது ஒரே பொருள் இல்லை. மேலே கேப் என்ற மூடி, சுற்றும் ரோட்டார், உள்ளே கரண்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் சி.பி. பாயிண்ட், கண்டென்சர், இரண்டு மெல்லிய ஒயர்; அடியில் வேகத்துக்கேற்பப் பொறியை முன்னே தள்ளும் எடைக்கட்டிகள், ஸ்பிரிங், நடுவில் சுற்றும் ஷாப்ட், அதைத் தாங்கும் புஷ். முக்கால்வாசிப் பழுது மேல்பாதியில்தான் வரும், அதற்குச் செலவும் கொஞ்சம்தான். ஷாப்டும் புஷ்ஷும் தேய்ந்திருந்தால்தான் பழைய மாதிரியே மாற்றுவதா, எலக்ட்ரானிக்குக்குப் போவதா என்ற பேச்சே.

அதற்கும் முன்னால் ஒன்று. நம் வேலூர்ப் பக்கத்து வெயிலில் பெட்ரோல் பம்பிலேயே ஆவியாகி வண்டி நின்றுபோவதும் உண்டு. ஆறியதும் ஸ்டார்ட் ஆகும். பார்ப்பவர்கள் கரண்ட் பழுது என்றே நினைப்பார்கள். அடுத்த தடவை நின்றால் அந்த நிமிடமே ஒரு பிளக்கைக் கழற்றி, ஒயரோடு இன்ஜின் இரும்பில் வைத்து, வேறு ஒருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். கழற்றிய ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி வெளியே வரும், அதனால் பிளக்கை அதற்குத் தள்ளி வையுங்கள். ஒயரை ரப்பர் பிடி போட்ட குறடால் பிடியுங்கள். நீலமாகப் பளிச்சென்று அடித்தால் டிஸ்ட்ரிபியூட்டரைத் தொடவே வேண்டாம். அடிக்கவில்லை என்றாலும், ஆறிய பிறகு அடிக்கிறது என்றால் பிளக்குக்கு வேண்டிய உயர் அழுத்தக் கரண்டை உண்டாக்கும் காயிலை முதலில் சந்தேகப்படுங்கள். சூட்டில் விட்டுக்கொடுத்து ஆறியதும் வேலை செய்வது காயிலின் குணம். நல்ல காயில் ஒன்றை மாட்டி ஒரு நாள் ஓட்டினால் தெரிந்துவிடும்.

இனி கேப்பைக் கழற்றுங்கள். உள்பக்கம் பென்சிலால் கீறியது போல மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் அந்த வழியாகக் கரண்ட் ஒழுகுகிறது. நடுவில் உள்ள கார்பன் குச்சி ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வருகிறதா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். ரோட்டாரைச் சோதிக்க எளிய வழி: அது ஷாப்டின் மேல் இருக்கும்போதே, காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையை அதன் பித்தளைக்கு அரை சென்டிமீட்டர் மேலே, அதே குறடால் பிடித்துக்கொண்டு இன்ஜினைச் சுற்றவையுங்கள். பொறி பித்தளைக்குத் தாவினால் ரோட்டாருக்கு உள்ளே ஓட்டை. கரண்ட் ஷாப்டுக்கு இறங்குகிறது. தாவாவிட்டால் ரோட்டார் நல்லது.

இப்போது நான் அதிகம் வற்புறுத்தும் இடம். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தட்டிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டர் உடம்புக்கு ஒரு சின்ன எர்த் ஒயர் போகும். துணி நூல் சுற்றியது போல, விரல் நீளம்கூட இருக்காது. இன்ஜினின் உறிஞ்சல் (வேக்கம்) இழுக்கும்போதெல்லாம் தட்டு நகர்வதால் இந்த ஒயரும் வளைந்து வளைந்து, வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே ஒவ்வொரு இழையாக அறுந்திருக்கும். ஐடிலில் வண்டி அழகாக ஓடும். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் தட்டு நகரும், தொடர்பு விடும், மிஸ்ஸிங் வரும், சைலன்சரில் வெடிக்கும். வாலாஜாவில் ஒருவர் இதே அறிகுறிக்கு முழு டிஸ்ட்ரிபியூட்டரையே மாற்றிவிட்டு, பழையதை என்னிடம் காட்டினார். தட்டைக் கையால் நகர்த்திப் பார்த்தேன். மூன்று இழை மட்டும் மிச்சம். சாமான் முழுக்க நல்ல நிலையில் இருந்தது. எனக்கு அது இன்றும் மனசைவிட்டுப் போகவில்லை. உங்கள் வண்டியின் அறிகுறியும் ஏறக்குறைய இதுதான், அதனால் இதை முதலிலேயே பாருங்கள். பக்கத்தில் காயிலிலிருந்து உள்ளே வரும் ஒயரையும் சேர்த்து இழுத்துப் பாருங்கள்.

பாயிண்ட் முகம் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தால் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கடையில் புதிதாக வாங்கும் கண்டென்சர் சில சமயம் முதல் நாளே சொதப்பும். ஓடிக்கொண்டிருந்த பழையதைத் தூக்கி எறியாமல் டிக்கியில் வையுங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால் ஷாப்டுக்கு வருவோம். ரோட்டாரை எடுத்துவிட்டு ஷாப்டின் தலையைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கையில் 'டக் டக்' என்று உணர்ந்தால் புஷ் தேய்ந்திருக்கிறது. இன்னும் உறுதியாக வேண்டுமா? ஷாப்டில் பாயிண்டைத் திறக்கும் கேம்மின் நான்கு முனையிலும் பாயிண்ட் இடைவெளியை, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் நான்கும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஷாப்டை விரலால் தள்ளினால் அளவு மாறுகிறதா? அப்படியென்றால் எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் டைமிங், அதாவது பொறி அடிக்கும் நேரம், ஒரு இடத்தில் நிற்காது. ரோட்டாரை மறுபடி மாட்டி, அது சுற்றும் திசையில் கொஞ்சம் திருப்பி விடுங்கள். தானாகத் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் அடியில் எடைக்கட்டிகள் பிசுக்கில் ஒட்டியிருக்கின்றன. பிரித்துக் கழுவி, ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் போதும். வேக்கம் குழாயை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்தால் தட்டு நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும். நழுவினால் உள்ளே இருக்கும் சவ்வு (டயாஃபிரம்) கிழிந்திருக்கிறது.

சரி, முடிவு. ஷாப்ட் கெட்டியாக இருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றாதீர்கள். ஷாப்ட் ஆடினாலும் என் முதல் யோசனை, அதையே லேத் பட்டறையில் கொடுத்துப் புது வெண்கல புஷ் போடுவது. வேலூர், ராணிப்பேட்டை இரண்டிலும் இந்த வேலைக்குக் கை இருக்கிறது. புஷ்ஷை ஒரு நாள் இன்ஜின் ஆயிலில் ஊறவைத்துப் போடச் சொல்லுங்கள். ஷாப்டின் அடிமுனையில் இன்ஜினோடு கோக்கும் காதின் நாக்குகள் நடுவில் இல்லாமல் ஒரு பக்கம் தள்ளி இருக்கும். காதைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டி எடுப்பதற்கு முன் காது, ஷாப்ட் இரண்டிலும் கோடு போடச் சொல்லுங்கள். காதைத் தலைகீழாக வைத்துப் பின்னை அடித்துவிட்டால் ரோட்டார் நேர் எதிர்ப்பக்கம் பார்க்கும், வண்டி ஸ்டார்ட்டே ஆகாது.

ஏன் புதிதாக வாங்க வேண்டாம் என்கிறேன் என்றால், உங்களுடைய 1489 சிசி இன்ஜினும் எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜினும் பிஎம்சி பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். அதனால் எம்ஜிபிக்கென்று இணையத்தில் விற்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உங்கள் வண்டியில் உட்கார்ந்துவிடலாம். ஆனால் எந்த வேகத்தில் எத்தனை டிகிரி டைமிங் முன்னே போக வேண்டும் என்பது உள்ளே இருக்கும் எடையும் ஸ்பிரிங்கும் சேர்ந்த கணக்கு, அது இன்ஜினுக்கு இன்ஜின் வேறு. பொருந்தாத கணக்கோடு ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவை ஏறினால் இன்ஜின் நாக்கிங் அடிக்கும், பிஸ்டன் அடி வாங்கும். உங்கள் பழைய உடம்பில் பொறித்திருக்கும் எண்ணைக் குறித்து வையுங்கள். அதே எண் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம்.

எலக்ட்ரானிக்குக்கு நான் எதிரி இல்லை. முழு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றாமல், பாயிண்ட் இருக்கும் இடத்தில் மாட்டும் மாட்யூலும் காந்த வளையமும் போடலாம். பாயிண்ட் தேய்வது நிற்கும், வாரக்கணக்கில் நின்ற வண்டியும் சட்டென்று எடுக்கும். மாதம் இரண்டு முறை எடுக்கும் உங்களுக்கு இது நல்ல வசதிதான். ஆனால் பவர் கூடும், மைலேஜ் கூடும் என்று நம்பிப் போடாதீர்கள். ஒழுங்காக வைத்த பாயிண்டைவிடப் பெரிய வித்தியாசம் இருக்காது. எடைக்கட்டி ஒட்டியிருந்தால் எலக்ட்ரானிக்கும் அதைச் சரிசெய்யாது. போடுவதற்கு முன் வண்டி நெகட்டிவ் எர்த்தா, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், தலைகீழாகக் கொடுத்தால் மாட்யூல் அங்கேயே போய்விடும். காயில் 3 ஓம் அளவில் இருக்க வேண்டும். யாராவது 1.5 ஓம் காயில் மாட்டியிருந்தால் மாட்யூல் சூடேறிக் கருகும். பாட்டுக் கேட்க சாவியை ஆனில் விட்டு உட்காரவும் கூடாது.

பாயிண்ட் போவதற்கு முன்னால் இடறும், முனகும், சொல்லிவிட்டுத்தான் போகும். மாட்யூல் சொல்லாமல் போகும், போளூர் ரோட்டில் ராத்திரி யாராலும் அதைத் திறந்து பார்க்க முடியாது. அதனால் கழற்றிய பழைய தட்டில் புது பாயிண்ட், புது கண்டென்சர், புது எர்த் ஒயர் போட்டு, இடைவெளி வைத்து, ஒரு டப்பாவில் அடைத்து ஸ்டெப்னி பக்கத்தில் வையுங்கள். ஸ்க்ரூடிரைவரும் ஃபீலர் கேஜும் அதே டப்பாவில் இருக்கட்டும்.

கழற்றும் நாளில் கேப்பைத் திறந்து ரோட்டார் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி மாட்டும்வரை யாரும் ஸ்டார்ட்டர் அடிக்கக் கூடாது. பிளக் ஒயர் குழம்பிவிட்டால், மேலிருந்து பார்க்கும்போது ரோட்டார் கடிகாரத்துக்கு எதிர்த் திசையில் சுற்றும், அந்தச் சுற்றிலேயே சிலிண்டர் வரிசை 1, 3, 4, 2 என்று ஒயர்களை மாட்டுங்கள்.