கேமிங் கணினிக்கு யுபிஎஸ்: விஏ எண்ணை விடுங்கள், வாட்டைப் பாருங்கள்

750 வாட் பவர் சப்ளையும் பெரிய கிராஃபிக்ஸ் கார்டும் உள்ள கணினிக்கு 1000 விஏ (வோல்ட் ஆம்பியர்) யுபிஎஸ் போதுமா, கரண்ட் போனால் ஒரு மணி நேரமாவது ஆட முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: முடியாது, அதை எதிர்பார்த்து வாங்கவும் வேண்டாம். வீட்டுக்கென்று விற்கும் சாதாரண யுபிஎஸ், ஆட்டத்தைச் சேமித்துவிட்டு கணினியை ஒழுங்காக நிறுத்த அவகாசம் தருவதற்கானது. அந்தச் சில நிமிடங்கள் எனக்கு எவ்வளவு முக்கியம் என்று பட்ட பிறகுதான் தெரிந்தது.

நான் முதலில் வாங்கியது 600 விஏ. கடையில் போட்டுக் காட்டினார்கள், வீட்டிலும் சும்மா பாட்டு கேட்கும்போது கரண்ட் போனால் நன்றாகவே தாங்கியது. ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் கரண்ட் போனது, யுபிஎஸ் ஒரு முறை கத்தியது, அவ்வளவுதான், எல்லாம் இருண்டுவிட்டது. மறுபடி திறந்தால் சேவ் ஃபைல் கெட்டுப்போயிருந்தது. பல வாரத்து உழைப்பு. அன்று ரொம்பவே மனம் உடைந்துபோனேன்.

காரணம் எளிது. பெட்டியின் முன்பக்கம் பெரிதாகப் போடுவது விஏ, பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பது வாட். என்னுடைய 600 விஏ பெட்டியின் உண்மையான வரம்பு 360 வாட். 1000 விஏ என்று விற்பதில் பலவும் 600 வாட் அல்லது அதற்கும் கீழேதான். கரண்ட் இருக்கும்வரை இந்த வகை யுபிஎஸ் அதை அப்படியே கணினிக்குக் கடத்திவிடுகிறது, அதனால் பிரச்சினை வெளியே தெரிவதில்லை. கரண்ட் போன நொடியில் மொத்தச் சுமையும் பேட்டரி மேல் விழுகிறது, வரம்பைத் தாண்டினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அது அணைந்துவிடுகிறது.

சரி, உங்கள் கணினிக்கு எவ்வளவு வேண்டும்? 750 வாட் என்பது பவர் சப்ளையால் அதிகபட்சம் கொடுக்க முடிந்த அளவு, எப்போதும் அவ்வளவு இழுக்காது. ஆர்டிஎக்ஸ் 3080 கார்டுக்கு 320 வாட், 4090-க்கு 450 வாட் என்பது தயாரிப்பாளரே சொல்லும் கணக்கு, அதோடு பிராசஸர், மின்விசிறிகள், மானிட்டர் எல்லாம் சேரும். ஊகிப்பதை விட, பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ, நீங்கள் ஆடுவதிலேயே கனமான ஆட்டத்தை அரை மணி நேரம் ஓட்டி, மானிட்டரையும் சேர்த்து அளந்து பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டுகள் சில மில்லி நொடிகளுக்குச் சராசரியை விட மிக அதிகமாக இழுக்கும், அந்தத் துள்ளலை மீட்டர் காட்டாது. அதனால் அளந்தது 420 வாட் என்றால் நான் 600 வாட்டுக்குக் குறைவாக வாங்கமாட்டேன்.

அடுத்தது சைன் வேவ், அதாவது சுவர் மின்சாரத்தைப் போல வளைவாக, சீராக ஏறி இறங்கும் அலை. விலை குறைந்த யுபிஎஸ்கள் பேட்டரியில் ஓடும்போது படிக்கட்டு போன்ற அலையைத்தான் தருகின்றன. இப்போதைய நல்ல பவர் சப்ளைகளில் இருக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும்) சுற்றுக்கு அது சில சமயம் ஒத்துவராது, கணினி அணைந்துவிடலாம், அல்லது யுபிஎஸ் ஓவர்லோடு என்று நின்றுவிடலாம். எல்லாக் கணினியிலும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை, பல கணினிகள் அதையும் தாங்கிக்கொள்கின்றன. ஆனால் ஆகுமா ஆகாதா என்பது கரண்ட் போகும் அன்றுதான் தெரியும் என்பதால், இந்த விலைக் கணினிக்கு ப்யூர் சைன் வேவ் என்று அட்டையில் தெளிவாகப் போட்டிருப்பதையே வாங்குங்கள் என்பேன். வகையில் லைன் இன்டராக்டிவ் போதும். மின்னழுத்தம் ஏறி இறங்கினால் பேட்டரியைத் தொடாமலே அது சரிசெய்துகொள்ளும். வரும் மின்சாரத்தை எப்போதும் மாற்றியே தரும் ஆன்லைன் வகை யுபிஎஸ் இன்னும் சுத்தமான மின்சாரம் தரும், ஆனால் விலையும் விசிறிச் சத்தமும் அதிகம். வீட்டில் ஆடுவதற்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

நேரக் கணக்குக்கு வருவோம். 12 வோல்ட் 9 ஆம்பியர் மணி பேட்டரி இரண்டு இருந்தால் காகிதத்தில் 216 வாட் மணி. 400 வாட் சுமைக்கு அரை மணி நேரம் வரும் என்று தோன்றும். வராது. ஈய அமில பேட்டரியை வேகமாக உறிஞ்சினால் உள்ளே இருப்பது முழுதாகக் கிடைக்காது, பேட்டரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுவதிலும் கொஞ்சம் வீணாகும். புதிதாக இருக்கும்போதே 10 நிமிடம் கிடைத்தால் நல்லது. ஆனால் கரண்ட் போனதும் ஆட்டத்தை விட்டு வெளியே வந்துவிட்டால் சுமை 100 வாட் அளவுக்கு இறங்கிவிடும், நேரம் நான்கு மடங்குக்கும் மேல் நீளும். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். இணையத்தில் மற்றவர்களோடு ஆடுபவர் என்றால் ரவுட்டரையும் மோடத்தையும் யுபிஎஸ்ஸின் பேட்டரிப் பக்கத்து (கரண்ட் போனாலும் ஓடும்) சாக்கெட்டில் போடுங்கள், அவை இழுப்பது மிகக் குறைவு. லேசர் பிரிண்டரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுவராதீர்கள், சூடேறும்போது அது திடீரென்று இழுக்கும்.

யுபிஎஸ்ஸோடு வரும் யுஎஸ்பி கேபிளைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதைக் கணினியில் செருகி, பேட்டரி இவ்வளவுக்குக் கீழே போனால் தானாக நிறுத்து என்று அமைத்துவிட்டால், நீங்கள் அறையில் இல்லாதபோதும் கவலை இல்லை.

வாங்கி வந்ததும் முழுதாக சார்ஜ் ஏற்றிவிட்டு, முக்கியமானதையெல்லாம் சேமித்துவிட்டு, கனமான ஆட்டம் ஓடும்போதே சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பிளக்கைப் பிடுங்க வேண்டாம், எர்த் இணைப்பும் போய்விடும். அந்தச் சோதனையில் அணைந்தால் திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள்ளேயே மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் பேட்டரி: 3 முதல் 5 ஆண்டு உழைக்கும், சூடான மூலையில் வைத்தால் அதற்கு முன்பே போகும். கடையிலேயே நெடுநாள் சார்ஜ் இல்லாமல் கிடந்ததும் பலவீனமாகியிருக்கும், அதனால் தயாரித்த மாதத்தைப் பார்த்து வாங்குங்கள், அதே அளவு பேட்டரி தனியாகக் கிடைக்குமா, நீங்களே திறந்து மாற்றும்படி மூடி இருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.