காரில் இருந்து கான்டெஸ்ட்: டெக்சாஸ் கியூஎஸ்ஓ பார்ட்டிக்குத் தயாராவது எப்படி?

கேள்வி: ஆஸ்டினை ஒட்டிய ரவுண்ட் ராக்கில் அபார்ட்மென்டில் இருக்கிறேன். ஹாம் ரேடியோ (அமெச்சூர் வானொலி) ஜெனரல் லைசன்ஸ் வாங்கியாயிற்று. ஆனால் வீட்டில் எச்எஃப் (சிற்றலை) ஆண்டெனா கட்ட அனுமதி இல்லை. டெக்சாஸ் கியூஎஸ்ஓ பார்ட்டி என்ற ஹாம் போட்டியில் (கியூஎஸ்ஓ என்றால் ஒரு ரேடியோ தொடர்பு) காரில் போய்க்கொண்டே கலந்துகொள்ளலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். 100 வாட் ரேடியோ ஒன்று இருக்கிறது. மனைவி கார் ஓட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். 500 வாட் ஆம்ப்ளிஃபையர் வாங்கினால்தான் எடுபடுமா? என்ன ஆண்டெனா வைக்கலாம்? எந்த வழியில் போவது? மோர்ஸ் தெரியாது, அது பெரிய குறையா?

பதில்: ஆம்ப்ளிஃபையர் வேண்டாம். அந்தப் பணத்தில் பாதியை ஆண்டெனாவுக்கும் மவுண்டுக்கும் செலவிடுங்கள். மீதி கவனம் முழுவதும் ரூட் மேல் இருக்கட்டும்.

ஏன் என்றால், இந்தப் போட்டியில் உங்களைத் தேடித்தான் மற்றவர்கள் வருவார்கள். டெக்சாஸில் 254 கவுன்டிகள் (மாவட்டங்கள்) உண்டு, அமெரிக்காவில் வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பல கவுன்டிகளில் போட்டி நாளன்று ஒரு ஹாம்கூட ஆன் ஏரில் இருக்கமாட்டார். அங்கெல்லாம் காரில் வருபவர்தான் ஒரே வழி. இன்னொன்று, வீட்டு ஸ்டேஷனோடு ஒரு பேண்டில் (அலைவரிசைப் பட்டை) ஒரு மோடில் (குரல், மோர்ஸ் போன்ற முறை) ஒருமுறைதான் பேசி பாயின்ட் வாங்கலாம். மொபைல் ஸ்டேஷன் கவுன்டி மாறியதும் எல்லோருக்கும் புதிய ஸ்டேஷன் ஆகிவிடுகிறது. மிலம் கவுன்டியில் உங்களோடு பேசிய ஓஹையோக்காரர், நீங்கள் ராபர்ட்சனுக்குள் நுழைந்ததும் மறுபடி உங்களைத் தேடுவார். பலமான சிக்னலை விட, சரியான நேரத்தில் சரியான கவுன்டியில் இருப்பதுதான் இங்கே எடுபடும்.

முதலில் ஆண்டெனா. 40 மீட்டர் பேண்டில் கால் அலைநீளம் என்றால் சுமார் 10 மீட்டர். காரில் வைக்க முடிவது 2.5 மீட்டர். குறையும் நீளத்தை லோடிங் காயில் (கம்பிச் சுருள்) கொண்டு ஈடுகட்டுகிறோம். ரெசொனன்ஸ் (அந்த அலைவரிசைக்கு ஒத்திசைவு) கிடைத்துவிடும். ஆனால் ரேடியேஷன் ரெசிஸ்டன்ஸ் (அலையாக வெளியேறும் பவருக்கான மின்தடைக் கணக்கு) 3 ஓம் அளவுக்குத்தான் இருக்கும், அதுவும் காயிலை நடுவில் வைத்தால். அடியில் வைத்தால் அதில் பாதிகூடத் தேறாது. காயிலின் இழப்பு சில ஓம். கார் பாடியும் தரையும் சேர்ந்த கிரவுண்ட் இழப்பு 5 முதல் 10 ஓம் வரை, மவுண்ட் மோசமானால் அதற்கு மேலும். உங்கள் 100 வாட்டில் வானுக்குப் போவது 20 வாட் அளவுதான், மீதி சூடாகி வீணாகிறது. 20 மீட்டர் பேண்டில் நிலைமை நன்றாக இருக்கும், பாதிக்குப் பக்கமாகக் கிடைக்கும்.

கணக்கை இப்படிப் பாருங்கள். 100 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 7 டெசிபெல், அதாவது ரேடியோவின் சிக்னல் மீட்டரில் ஒரு படிக்கு (எஸ் யூனிட்) சற்றே மேல். அதற்கு பேட்டரியிலிருந்து 70 ஆம்பியர் அளவுக்கு இழுக்க வேண்டும். அடியில் காயில் வைத்த ஆண்டெனாவை விட்டு நடுவில் காயில் உள்ளதற்கு மாறி, கிரவுண்டையும் ஒழுங்கு செய்தால் 3 டெசிபெல்லுக்கு மேல் சும்மாவே வருகிறது. கேட்கும்போதும் அந்த ஆதாயம் உண்டு. ஆம்ப்ளிஃபையர் கேட்பதற்கு உதவாது.

கிரவுண்ட் என்றால் காரின் உலோக உடம்புதான். காந்த மவுண்ட் விஎச்எஃப்-க்குப் (எச்எஃப்-ஐ விட உயர்ந்த அலைவரிசைகள்) போதும். எச்எஃப்-இல், அதிலும் 40, 80 மீட்டரில், பெயின்டுக்கு மேல் ஒட்டி நிற்கும் காந்தத்தால் நல்ல இணைப்பு கிடைக்காது. 2015-க்குப் பிறகு வந்த ஃபோர்டு எஃப்-150 போன்ற அலுமினிய பாடி வண்டிகளில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. டிக்கி ஓரத்திலோ பின்பக்க ஹிட்ச் அருகிலோ போல்ட் போட்ட மவுண்ட் வையுங்கள். பிறகு டிக்கிக் கதவு, பானெட், புகைக் குழாய் எல்லாவற்றையும் அகலமான பின்னல் பட்டையால் பாடியோடு இணையுங்கள். கீல் வழியாக இணைப்பு இருக்கிறது என்று நம்ப வேண்டாம், அங்கே கிரீஸும் பெயின்டும்தான் இருக்கும். இந்த வேலை முடிந்தாலே இன்ஜின் இரைச்சலும் கணிசமாகக் குறையும்.

இங்கே புதியவர்கள் பலரை ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. மேட்ச்சிங் எதுவும் இல்லாமல் 40 மீட்டரில் எஸ்டபிள்யூஆர் (ரேடியோவுக்கும் ஆண்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.1 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள். மேலே சொன்ன ஓம்களைக் கூட்டிப் பார்த்தால் 15 ஓம் வரவேண்டிய இடத்தில், ரேடியோ எதிர்பார்க்கும் 50 ஓம் அப்படியே வருகிறது என்றால், மீதி 35 ஓமும் எங்கோ இழப்பாக உட்கார்ந்திருக்கிறது. நல்ல மொபைல் ஆண்டெனா மேட்ச்சிங் இல்லாமல் 2-க்கு மேல் காட்டுவதுதான் இயல்பு. அடியில் தரைக்கு ஒரு சின்ன காயில் வைத்து 50 ஓமுக்குக் கொண்டுவந்தால் போதும். நானோவிஎன்ஏ என்ற சின்ன ஆண்டெனா அளவி இருந்தால் அரைமணி நேர வேலை.

எந்த ஆண்டெனா என்றால், முதல் வருடத்துக்கு 20, 40 இரண்டுக்கும் தனித்தனி ஹாம்ஸ்டிக் (ஒரே பேண்டுக்கான கம்பி ஆண்டெனா) போதும். விலை குறைவு, முறிந்தாலும் வருத்தமில்லை. பேண்ட் மாற்ற வண்டியை நிறுத்தி இறங்க வேண்டும் என்பதுதான் தொல்லை. தொடர்ந்து போட்டியில் ஆடப்போகிறீர்கள் என்றால் ஸ்க்ரூடிரைவர் ஆண்டெனாவுக்கு மாறலாம். சீட்டில் இருந்தபடியே மோட்டார் மூலம் காயிலை ஏற்றி இறக்கி பேண்ட் மாற்றிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவின் டான் ஜான்சன் பிரபலப்படுத்திய வடிவம் அது. பேட்டரி ஸ்க்ரூடிரைவரின் மோட்டாரை வைத்துச் செய்ததால் அந்தப் பெயர்.

பவர் கேபிளை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகாதீர்கள். அதன் ஃபியூஸ் 10, 15 ஆம்பியருக்கானது. உங்கள் ரேடியோ முழு பவரில் 20 ஆம்பியருக்கு மேல் கேட்கும். 10 கேஜ் வயரை பேட்டரியிலிருந்து நேராக இழுத்து, பாசிட்டிவில் பேட்டரிக்கு மிக அருகில் ஃபியூஸ் போடுங்கள். புதிய கார்களில் நெகட்டிவ் முனையில் கரன்ட் சென்சார் இருக்கும். அப்படி இருந்தால் ரேடியோவின் நெகட்டிவை பேட்டரி முனையில் கட்டாமல், பேட்டரி பாடியோடு சேரும் இடத்தில் கட்டுங்கள். நிறுத்தி ஆடும்போதும் இன்ஜின் ஓடட்டும். 13.8 வோல்ட் எதிர்பார்க்கும் ரேடியோ 12 வோல்ட்டுக்குக் கீழே போனால் குரல் சிதையத் தொடங்கும். செப்டம்பர் வெயிலில் ஏசியும் வேண்டும்தானே.

சரி, ரூட். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். போட்டி பெரும்பாலும் செப்டம்பர் மூன்றாம் வார இறுதியில் நடக்கும். சனிக்கிழமை 1400 யூடிசி (உலகப் பொது நேரம்) முதல் ஞாயிறு 0200 வரை, பிறகு ஞாயிறு 1400 முதல் 2000 வரை. உங்கள் ஊர்க் கணக்கில் சனி காலை 9 முதல் இரவு 9, ஞாயிறு காலை 9 முதல் மாலை 3. ரவுண்ட் ராக் இருக்கும் வில்லியம்சனிலும் ஆஸ்டின் இருக்கும் ட்ராவிஸிலும் ஹாம்கள் நிறைய, அங்கே நீங்கள் அவ்வளவு தேவைப்படமாட்டீர்கள். காலை 9 மணிக்கு ரவுண்ட் ராக்கில் நின்று ஆரம்பிக்காதீர்கள். விடியற்காலையே கிளம்பி, யூஎஸ் 79-இல் டெய்லரைத் தாண்டி, மிலம் கவுன்டியில் ராக்டேல் பக்கம் ஆரம்பியுங்கள்.

அங்கிருந்து அதே சாலையில் ஹெர்ன், ஃபிராங்க்லின் வழியாக ராபர்ட்சன். பிறகு லியான் கவுன்டியில் பஃபலோ வரை. பஃபலோவிலிருந்து ஐ-45-இல் தெற்கே இறங்கினால் ஓஎஸ்ஆர் என்ற சாலை குறுக்கிடும். பழைய சான் அன்டோனியோ சாலை அது. எண்ணுக்குப் பதில் எழுத்துகளால் குறிக்கப்படும் மாநில நெடுஞ்சாலை. லியானுக்கும் மேடிசனுக்கும் இடையிலும், மேற்கே ராபர்ட்சனுக்கும் பிராஸோஸுக்கும் இடையிலும் அந்தச் சாலைதான் எல்லை. கவுன்டி எல்லையில் நின்றால் ஒரே காண்டாக்டில் இரண்டு கவுன்டியைக் கொடுக்கலாம் என்று பல கியூஎஸ்ஓ பார்ட்டிகள் அனுமதிக்கின்றன. வண்டி எப்படி நிற்க வேண்டும், லாக்கில் எப்படிப் பதிய வேண்டும் என்பது போட்டிக்குப் போட்டி மாறும், அந்த ஆண்டின் விதியைப் படித்துவிட்டுப் போங்கள். ஆற்று எல்லைகள் இதற்கு உதவாது. மிலமுக்கும் ராபர்ட்சனுக்கும் எல்லை பிராஸோஸ் ஆறு, பாலத்தின் மேல் நிறுத்த முடியாது. ஓஎஸ்ஆர் போல நிலத்தில் ஓடும் எல்லை கிடைப்பது பெரிய வரம். அதிலும் சாலையோரத்தில் நிற்காமல், வண்டி பாதுகாப்பாக ஒதுங்க இடமுள்ள பகுதியை மேப்பில் முன்னமே குறித்துக்கொள்ளுங்கள்.

ஓஎஸ்ஆர் பிரையனுக்கு மேற்கே நெடுஞ்சாலை 21-இல் சேரும். அதில் பர்லசன், லீ, பாஸ்ட்ராப் என்று வந்து, பிறகு ட்ராவிஸ், வீடு சேரும்போது வில்லியம்சன். மொத்தம் 300 மைல் அளவு, வில்லியம்சனையும் சேர்த்து 10 கவுன்டி. ஓட்டும் நேரம் ஆறு மணி நேரத்துக்குள். அப்படியானால் 12 மணி நேரத்தில் பாதி நேரம் நின்று ஆடலாம். ஞாயிறுக்கு நெடுஞ்சாலை 29-இல் மேற்கே பர்னெட், லானோ, மேசன் வரை போய்த் திரும்பினால் போதும்.

ஒவ்வொரு கவுன்டியிலும் முதலில் 20 மீட்டர். பகலில் அது கிழக்குக் கரை, மத்திய மேற்கு, கலிஃபோர்னியா எல்லாம் தரும். ஆனால் டல்லாஸ், ஹூஸ்டன் உங்களுக்குக் கேட்காது, அவர்கள் தாண்டல் தூரத்துக்குள் (அலை வானில் பட்டுத் திரும்பி இறங்குவதற்கு முன் தாண்டிப்போகும் தூரம்) இருக்கிறார்கள். அவர்களுக்கும் லூசியானா, ஓக்லஹோமாவுக்கும் பகலில் 40 மீட்டர். சூரியன் ஏழரை மணி சுமாருக்கு மறையும். அதன் பிறகு 40 நீண்டு தூர மாநிலங்களைக் கொண்டுவரும். அழைப்பு வந்துகொண்டே இருக்கும்வரை நில்லுங்கள். நாலைந்து முறை சிக்யூ (யாராவது பேசுங்கள் என்ற பொது அழைப்பு) கொடுத்தும் யாரும் வரவில்லை என்றால் பேண்ட் மாற்றுங்கள். அங்கேயும் இல்லையா, கிளம்புங்கள். அழைப்பு குவியும் கவுன்டியை அட்டவணைக்காக விட்டுப் போகாதீர்கள். காலியான கவுன்டியில் அட்டவணைக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

மற்றவர்கள் அழைப்பதைத் தேடி டயலைச் சுற்றுவதைக் குறைத்துக்கொண்டு, ஓர் அலைவரிசையில் உட்கார்ந்து சிக்யூ கொடுங்கள். ஒவ்வொரு சிக்யூவிலும் கவுன்டி பெயரைச் சொல்லுங்கள், பாதிப் பேர் அதைக் கேட்டுத்தான் நிற்பார்கள். உங்கள் ரூட்டையும் உத்தேச நேரத்தையும் சில நாட்கள் முன்பே மற்ற ஹாம்களுக்குத் தெரியப்படுத்துங்கள். 144.390 மெகாஹெர்ட்ஸில் ஏபிஆர்எஸ் டிராக்கர் (இருக்கும் இடத்தை ரேடியோவில் அனுப்பும் கருவி) ஒன்று ஓடினால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று பார்த்துக் காத்திருப்பார்கள்.

லாக் எழுதுவது, ரேடியோ தொடுவது எல்லாம் உங்கள் வேலை. உங்கள் மனைவி சாலையை மட்டும் பார்க்கட்டும், எங்கே நிறுத்துவது என்ற முடிவும் அவருடையதாகவே இருக்கட்டும். என்1எம்எம் போன்ற லாக்கரில் (தொடர்புகளைப் பதியும் மென்பொருள்) கவுன்டி மாறும் அந்த நொடியே கவுன்டியை மாற்றிவிடுங்கள். ஜிபிஎஸ்ஸில் கவுன்டி எல்லையைக் காட்டும் ஆப் ஒன்று ஓடட்டும், சாலையோரப் பலகை எல்லா இடத்திலும் இருக்காது. பெட்ரோல் பங்கில் டிரான்ஸ்மிட் செய்யாதீர்கள். டிரைவ்-த்ரூ கூரைக்குள் நுழைவதற்கு முன் ஆண்டெனா உயரத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

மோர்ஸ் விஷயம். லைசன்ஸுக்கு அது தேவையில்லை என்று 2007-லேயே ஆகிவிட்டது. உங்கள் ஜெனரல் லைசன்ஸில் 14.225 முதல் 14.350 வரையும், 7.175 முதல் 7.300 மெகாஹெர்ட்ஸ் வரையும் குரலில் பேசலாம், முதல் வருடத்துக்கு அது தாராளம். ஆனால் 20 வாட் அளவே வெளியே போகும் காரில் இருந்து, குரல் எட்டாத இடத்துக்கும் சிடபிள்யூ (மோர்ஸ்) எட்டும். மாலையில் 40 மீட்டர் நெரிசலில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். இந்தப் போட்டிக்கு வேண்டியது கால்சைன் (ஸ்டேஷனின் அடையாளப் பெயர்), சிக்னல் ரிப்போர்ட், கவுன்டி அல்லது மாநிலம், அவ்வளவுதான். மோர்ஸ் அனுப்புவதை (கீயிங்) லாக்கரே செய்துவிடும், நீங்கள் காதால் பிடிக்க வேண்டியது கால்சைனும் மாநிலம் அல்லது கவுன்டியின் சுருக்கமும். தினம் இருபது நிமிடம் என்று இப்போதே ஆரம்பித்தால், அடுத்த செப்டம்பருக்கு நிமிடத்துக்கு 15, 18 வார்த்தை வேகத்தில் வருபவர்களை எடுத்துவிடலாம்.