இரண்டு தனியார் கல்வி நிலையங்கள், ஒரே மாதிரிப் பட்டம்: எதில் சேர்ப்பது?

கேள்வி: என் மகள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் டிப்ளோமா முடித்திருக்கிறாள். சிங்கப்பூரின் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் (அரசாங்க நிதி பெறுபவை) இடம் கிடைக்கவில்லை. இரண்டு தனியார் கல்வி நிலையங்கள் இடம் கொடுத்திருக்கின்றன. ஒன்றில் பிரிட்டிஷ் பல்கலைக்கழகப் பட்டம், மற்றதில் ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகப் பட்டம். கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். இரண்டுக்கும் நான்காண்டு எஜுடிரஸ்ட் சான்றிதழ் உண்டு. எப்படி முடிவெடுப்பது?
- வாசகி, ஈசூன்

பதில்: எஜுடிரஸ்ட் என்பது நிர்வாகம், கட்டணப் பாதுகாப்பு, மாணவர் சேவை ஆகியவற்றைப் பார்த்துத் தரும் சான்றிதழ். பட்டத்தின் தரத்துக்கு அது உத்தரவாதம் அல்ல. பட்டம் தருவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்பதால், ஒப்பீட்டை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கணக்கியலில் முதலில் பார்க்க வேண்டியது தொழில்முறைத் தேர்வு விலக்கு. ஏசிசிஏ என்னும் அனைத்துலகக் கணக்காளர் தகுதிக்கு மொத்தம் 13 தாள்கள். பட்டத்தைப் பொறுத்து 9 தாள்கள் வரை விலக்கு கிடைக்கலாம். ஏசிசிஏ இணையத்தளத்தில் பட்டத்தின் பெயரைக் கொடுத்து இதை நீங்களே சரிபார்க்கலாம். பெயரை எழுத்துப் பிசகாமல் கொடுங்கள். ‘கணக்கியல்’ பட்டத்துக்குக் கிடைக்கும் விலக்கு, அதே பல்கலைக்கழகத்தின் ‘கணக்கியலும் நிதியும்’ பட்டத்துக்குக் கிடைக்காமல் போகலாம். சிங்கப்பூரில் நடத்தப்படும் படிப்புக்கும் அது பொருந்துமா என்று கேளுங்கள். சிங்கப்பூர் பட்டயக் கணக்காளர் ஆகும் எண்ணம் இருந்தால், எந்தப் பட்டத்தில் அடிப்படை நிலைத் தாள்களை எழுத வேண்டியிருக்கும் என்பதைச் சிங்கப்பூர்ப் பட்டயக் கணக்காளர் கழகமான இஸ்காவிடமே விசாரியுங்கள். கல்வி நிலையத்தின் விற்பனைப் பிரிவு சொல்வதை மட்டும் நம்ப வேண்டாம்.

அடுத்தது டிப்ளோமாவுக்கான பாட விலக்கு, அதாவது அங்கே படித்த பாடங்களைப் பட்டப்படிப்பில் மறுபடி படிக்காமல் விடுவது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். “சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்பார்கள். பிறகு நான்கு பாடம் என்று நினைத்தது இரண்டாகிவிடும், படிப்பு ஒரு பருவம் நீளும். எந்தெந்தப் பாடத்துக்கு விலக்கு என்பது சேர்க்கைக் கடிதத்தில் பெயரோடு இருக்க வேண்டும்.

‘கட்டணம் ஒன்றுதான்’ என்கிறீர்கள். விளம்பரத் தாளில் இருப்பது 9% பொருள் சேவை வரி சேர்த்தா, சேர்க்காமலா? 30,000 வெள்ளிக்கு வரி மட்டுமே 2,700 வெள்ளி. பாடத்தை மறுபடி எடுக்கும் கட்டணத்தையும் கேளுங்கள். மத்திய சேம நிதிக் கல்விக் கடனும் கல்வி அமைச்சின் கல்விக் கட்டணக் கடனும் இத்தகைய படிப்புகளுக்குக் கிடையாது. வங்கிக் கடன் என்றால் வட்டியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மதிப்பீட்டு முறையைக் கட்டாயம் பாருங்கள். சில படிப்புகளில் ஆண்டிறுதித் தேர்வு ஒன்றே பெரும்பகுதி மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும். தொழிற்கல்லூரியில் தொடர் மதிப்பீட்டுக்குப் பழகிய பிள்ளைகள் அங்கே தடுமாறுவதுண்டு. ஒவ்வொரு பாடத்திலும் தேர்வுக்கு எத்தனை விழுக்காடு என்று எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

தனியார் கல்வி நிலையப் பட்டதாரிகளின் வேலைவாய்ப்பு ஆய்வை ஸ்கில்ஸ்ஃபியூச்சர் சிங்கப்பூர் என்னும் அரசாங்க அமைப்பு வெளியிடுகிறது. மொத்த வேலைவாய்ப்பு விகிதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அதில் பகுதிநேர வேலையும் சேர்ந்திருக்கும். நிரந்தர முழுநேர வேலை விகிதத்தை ஒப்பிடுங்கள்.

கையெழுத்திடும் முன் ஒப்பந்தத்தின் கட்டண அட்டவணை, இதரக் கட்டண அட்டவணை, பணம் திருப்பித் தரும் அட்டவணை மூன்றையும் வாசியுங்கள். கையெழுத்திட்ட பின் மனம் மாற 7 வேலை நாள் அவகாசம் உண்டு. ஒப்பந்தத்துக்கு முன் படிப்புக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கல்வி நிலையம் மூடப்பட்டால் கட்டிய பணத்தைக் காக்கும் கட்டணப் பாதுகாப்புத் திட்டத்தில் மகளின் பெயர் சேர்ந்ததற்கான ஆவணத்தையும் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் கருத்து: பாட விலக்கை எழுத்தில் தரும், ஏசிசிஏ விலக்கு அதிகம் உள்ள படிப்பையே எடுங்கள். அதிலும் சமம் என்றால் மகளுக்குப் பொருந்தும் தேர்வு முறை. வளாகத்தின் அழகும் எம்ஆர்டி ரயில் நிலையத் தூரமும் கடைசியில்தான்.

கேள்வி: திருச்சியிலிருந்து என் அக்கா மகன் இங்குள்ள தனியார் கல்வி நிலையத்தில் சேர விரும்புகிறான். பகுதிநேர வேலை பார்த்தே கட்டணம் கட்டிவிடலாம் என்கிறார் முகவர். உண்மையா?
- வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: நம்பாதீர்கள். வேலை அனுமதி இல்லாமல் வேலை பார்க்கும் விலக்கு, மனிதவள அமைச்சு பட்டியலிட்ட கல்வி நிலையங்களின் மாணவர்களுக்கு மட்டுமே. தனியார் கல்வி நிலையங்கள் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. விடுமுறையிலும் வேலை பார்க்க முடியாது. மீறினால் மாணவர் அனுமதி அட்டையே ரத்தாகலாம். முழுக் கட்டணமும் தங்கும் செலவும் கையில் இருந்தால் மட்டும் வரச் சொல்லுங்கள்.